உயிருள்ள செல்லுக்குள் பிஎச் அளக்க ஓர் ஒளிர் உணரி: முதன்முறை வடிவமைப்பவர்களுக்கு

பிஎச் உணரி செய்ய வேண்டும் என்று ஆய்வகத்துக்குள் வருகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சிவப்பாக ஒளிர வேண்டும், பளிச்சென்று தெரிய வேண்டும், அட்டைப்படத்தில் போடும்படி இருக்க வேண்டும். அது எந்த பிஎச் அருகே வேலை செய்ய வேண்டும், அதாவது அதன் பிகேஏ எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால், “செய்து முடித்த பிறகு அளந்து பார்க்கலாம்” என்பார்கள். கால் அளவு தெரியாமல் செருப்புத் தைக்கிற வேலை இது. நானும் தைத்திருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆய்வகத்தில் எல்லோரும் ‘புரோப்’ என்று சொல்வதைத்தான் இங்கே உணரி என்கிறேன். சுற்றிலும் ஹைட்ரஜன் அயனி கூடினாலோ குறைந்தாலோ ஒளிர்வை மாற்றிக்காட்டும் ஒரு சிறு சாய மூலக்கூறு. புரதத்தால் ஆன உணரிகளும் உண்டு; 1998-இல் வந்த பிஎச்ஃபுளூரின் அந்த வகை. மரபணுவாகவே செல்லுக்குள் அனுப்பப்படும் அவற்றின் வேலை முறை வேறு என்பதால் இந்தக் கட்டுரையில் அவற்றைத் தொடவில்லை.

எந்த அறைக்குள் போகப் போகிறீர்கள்?

செல் ஒரே பாத்திரம் அல்ல, பல அறைகள் கொண்ட வீடு. நுண்ணுறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் திரவமான சைட்டோசாலின் பிஎச் சுமார் 7.2. மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதி 8-ஐ ஒட்டி இருக்கும். வெளியிலிருந்து விழுங்கப்பட்ட பொருள் முதலில் சேரும் எண்டோசோமில் 6-க்குச் சற்று மேல். அது முதிர முதிர 5.5 வரை இறங்கும். கடைசியில், விழுங்கியதைச் செரிக்கும் லைசோசோம், 4.5 முதல் 5 வரை.

பிஎச் ஒரு மடக்கை அளவு என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் வடிவமைக்கும்போது மறந்துபோகிறது. 0.3 அலகு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். 7.2-க்கும் 4.7-க்கும் இடையில் 300 மடங்குக்கு மேல் வேறுபாடு. இந்த இரண்டு இடங்களையும் ஒரே உணரியால் நம்பகமாக அளக்க முடியாது.

ஆகவே முதல் படி காகிதத்தில்தான். எந்த நுண்ணுறுப்பு, அங்கே இயல்பான பிஎச் எவ்வளவு, நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றம் எவ்வளவு, அது எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘மருந்து கொடுத்த 10 நிமிடத்தில் லைசோசோம் 4.7-இலிருந்து 5.5-க்கு ஏறுகிறதா?’ என்பது கேள்வி. ‘செல்லில் பிஎச் பார்க்க வேண்டும்’ என்பது ஆசை.

பிகேஏ

உணரி மூலக்கூறுகளில் சரிபாதி புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) ஏற்றும், மறுபாதி ஏற்காமலும் இருக்கும் பிஎச்தான் அதன் பிகேஏ. அங்கிருந்து ஓர் அலகு ஒரு பக்கம் நகர்ந்தால் 91 சதவீதம் ஒரு வடிவில் இருக்கும், 9 சதவீதம் மற்ற வடிவில். இரண்டு அலகு நகர்ந்தால் 99-க்கு 1. அதற்கப்பால் பிஎச் எவ்வளவு ஆடினாலும் ஒளிர்வு அசையாது. பிகேஏ-க்கு இருபுறமும் ஓர் அலகு என்பதே பயன்படும் எல்லை. நம்பிக்கையோடு அளக்க வேண்டுமானால் அரை அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1871-இல் அடோல்ஃப் வான் பேயர் உருவாக்கிய ஃபுளோரசீன் என்ற சாயத்தின் பிகேஏ சுமார் 6.4. சைட்டோசாலுக்கு இது கொஞ்சம் தாழ்வு. போதாக்குறைக்கு, செல்லுக்குள் போன ஃபுளோரசீன் கசிந்து வெளியேறிவிடும். 1982-இல் ரிங்க், சியென், போட்ஸான் மூவரும் ஃபுளோரசீனோடு கூடுதல் கார்பாக்சில் கைகளை இணைத்த பிசிஇசிஎஃப் என்ற சாயத்தைக் கொண்டுவந்தார்கள். பிகேஏ ஏறத்தாழ 7-க்கு ஏறியது. எதிர்மின்சுமை கூடியதால் சாயம் செல்லுக்குள்ளேயே தங்கியது. ஒரே மாற்றத்தில் இரண்டு நோய்க்கும் மருந்து. இன்றும் சைட்டோசாலுக்கு முதலில் கைபோவது அதன்மீதுதான்.

பிகேஏ-யை நகர்த்தும் வழிகள் வேதியியல் படித்தவர்களுக்குப் பழகியவைதான். ஃபுளோரசீனின் ஹைட்ராக்சிலுக்கு அருகே ஃபுளோரின் போன்ற எலக்ட்ரான் இழுக்கும் அணுவைப் பொருத்தினால் பிகேஏ இறங்கும். இரண்டு ஃபுளோரின் ஏறிய வகை 4.7 அருகே நிற்கிறது. புரோட்டானை ஏற்கும் பகுதி அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியானால், அந்த நைட்ரஜன்மீது இருக்கும் ஆல்கைல் தொகுதியை மாற்றிப் பாருங்கள். 2009-இல் உரானோவும் கோபயாஷியும் உள்ளிட்ட குழு, அனிலின் வளையம் (அமீன் ஏறிய பென்சீன்) பொருத்திய, போடிப்பி என்ற போரான் கொண்ட சாயங்களில் இதைத்தான் செய்தது: நைட்ரஜன் வெறுமையாக இருந்தபோது பிகேஏ 3.8, இரண்டு எத்தில் தொகுதிகள் ஏறியபோது 6.0. சாயத்தின் நிறம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. என் பார்வையில் புதியவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மாதிரி இல்லை. அடித்தளத்தைத் தொடாமல் ஒரே ஒரு மூலையை மட்டும் திருகி, நாலைந்து உணரிகளை வரிசையாகச் செய்வது. ஒரே மூலக்கூறில் உயிரை வைத்து ஆறு மாதம் உழைப்பதைவிட இந்த வரிசை பாதுகாப்பானது.

விளக்கை எது போடுகிறது, எது அணைக்கிறது?

புரோட்டான் ஏறினால் ஒளிர்வு ஏன் மாற வேண்டும்? மூன்று வழிகள் அதிகம் புழங்குகின்றன.

ஃபுளோரசீனில் சாயமே உணரி. ஹைட்ராக்சில் புரோட்டானை இழந்தால் எலக்ட்ரான்கள் வளையங்கள் முழுக்கப் பரவும், ஒளியை நன்றாக உட்கவரும், பச்சையாக ஒளிரும். அமிலத்தில் அது மங்கிவிடும். லைசோசோமைப் பார்க்க நினைப்பவருக்கு இது தலைகீழ்; வேண்டிய இடத்தில் இருட்டு.

இரண்டாவது, ஒளியால் தூண்டப்படும் எலக்ட்ரான் தாவல். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சாயத்தின் அருகில் ஓர் அமீனை வைக்கிறீர்கள். அதன் நைட்ரஜனில் ஒரு சோடி எலக்ட்ரான்கள் யாருக்கும் கொடுக்கப்படாமல் இருக்கின்றன. ஒளி பட்டதும் சாயத்தின் ஓர் எலக்ட்ரான் மேல் மட்டத்துக்கு ஏறும், கீழே ஒரு காலியிடம் விழும். ஏறிய எலக்ட்ரான் திரும்பி இறங்கினால்தான் ஒளிர்வு. ஆனால் அது இறங்குவதற்குள் நைட்ரஜனின் எலக்ட்ரான் பக்கத்திலிருந்து தாவி அந்தக் காலியிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. ஆற்றல் ஒளியாகாமல் வீணாகிறது. சாயம் இருண்டு கிடக்கிறது. இப்போது அமிலம் வருகிறது. புரோட்டான் அந்த எலக்ட்ரான் சோடியைப் பிடித்துக்கொள்கிறது. தாவ ஆளில்லை. விளக்கு எரிகிறது. இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா, சாயம், இடைவெளி, ஏற்பி என்று மூன்று துண்டுகளாக இந்த அமைப்பைப் பிரித்து, எவரும் எடுத்துக் கோர்க்கும் மணிகளாக்கிக் கொடுத்தார். இடைவெளி என்பது ஒன்றிரண்டு கார்பன்தான். அதை நீட்டினால் தாவல் தளர்ந்து, அணைய வேண்டிய விளக்கு அரைகுறையாக எரியும்.

மூன்றாவது, ரோடமைன் என்ற சாயத்தின் வளையத் திறப்பு. மூடிய வளையம் நிறமற்றது. அமிலத்தில் திறந்தால் இளஞ்சிவப்பு. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது, படமும் கண்ணைப் பறிக்கும். ஆனால் வளையம் திறந்து மூட நேரம் எடுக்கும். சில சேர்மங்களில் சமநிலை வரப் பல நிமிடங்கள் ஆகும். வேகமான மாற்றத்தைப் பின்தொடர வேண்டியவர் இதை முதலிலேயே கடிகாரம் வைத்துச் சோதிக்க வேண்டும்.

சாயத்தைத் தேர்வது

சாயத்தை உங்கள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். 405, 488, 561, 640 நானோமீட்டர் லேசர்கள் பல கான்ஃபோகல் (லேசர்) நுண்ணோக்கிகளில் இருக்கும். உங்கள் சாயம் 530-இல் உச்சமாக உட்கவர்ந்தால் அது எந்த லேசருக்கும் சொந்தமில்லாத பிள்ளை. செல்லும் சும்மா இருப்பதில்லை. செல்லிலேயே இருக்கும் என்ஏடிஎச் என்ற துணைநொதி புற ஊதாவில் தூண்டப்பட்டு நீலமாகவும், ஃபிளேவின்கள் நீல ஒளியில் பச்சையாகவும் தாமே ஒளிரும். புற ஊதா செல்லைப் புண்ணாக்கவும் செய்யும். முடிந்தவரை நீண்ட அலைநீளத்துக்குப் போவது நல்லது.

போடிப்பி பிரகாசமானது, தானாகப் பிஎச்சைப் பொருட்படுத்தாதது. ஆனால் கொழுப்பை விரும்பும். சயனின் அகச்சிவப்பை நெருங்கும், ஒளியில் சீக்கிரம் வெளுத்துவிடும். ரோடமைன் கட்டுறுதியானது. கூமரினும் நாஃப்தலிமைடும் செய்ய எளிது, ஆனால் நீலப் பக்கத்தில் நிற்பவை. குறையில்லாத சாயம் ஒன்றும் இல்லை.

ஒரு நிறம் போதாது

ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே அமிலம் அதிகமா, அல்லது உணரி அதிகமாகக் குவிந்திருக்கிறதா? ஒரே அலைநீளத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. செல்லின் தடிமன், விளக்கின் ஏற்ற இறக்கம், சாயம் வெளுப்பது எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கலந்துவிடும். இரண்டு அலைநீளங்களில் அளந்து விகிதம் எடுத்தால் இவற்றில் பெரும்பாலானவை அடிபட்டுப் போகும்.

பிசிஇசிஎஃப் சாயத்தை 490-இலும் 440-இலும் மாறிமாறித் தூண்டி 535 அருகே உமிழ்வைப் பிடிப்பார்கள். 440 அருகே பிஎச் மாறினாலும் ஒளிர்வு அதிகம் அசையாது. எவ்வளவு சாயம் இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். ஸ்நார்ஃப்-1 என்ற சாயம் வேறு வகை: ஒரே ஒளியில் தூண்டினால் 580, 640 என இரண்டு உமிழ்வுகளைத் தரும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கலாம் என்பதால் அசைந்துகொண்டிருக்கும் செல்லுக்கு இது வசதி. அதன் பிகேஏ 7.5 அளவில்.

உங்கள் சாயத்துக்கு இரண்டு முகம் இல்லையென்றால் பிஎச்சுக்கு அசையாத இன்னொரு சாயத்தைக் கூடவே கட்டுங்கள். டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பலபடியில் இரண்டையும் சேர்த்துக் கட்டி, செல் தானாக விழுங்கும்படி விடுவது லைசோசோமுக்கு நல்ல வழி. 1978-இல் ஓகுமாவும் பூலும் ஃபுளோரசீன் கட்டிய டெக்ஸ்ட்ரானை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களுக்கு ஊட்டி, இரண்டு தூண்டல் அலைநீளங்களின் விகிதத்திலிருந்து லைசோசோம் பிஎச் 4.7 முதல் 4.8 என்று கண்டார்கள். இரண்டு தனிச் சாயங்களைக் கட்டும்போது ஓர் எச்சரிக்கை: ஒன்று மற்றதைவிட வேகமாக வெளுத்தால், எதுவும் மாறாத செல்லிலும் பிஎச் நகர்வதுபோலத் தெரியும்.

உரிய இடத்தில் சேர்ப்பது

சைட்டோசாலுக்கு அசிட்டாக்சிமெத்தில் எஸ்டர். கார்பாக்சில் தொகுதிகளை எஸ்டராக மூடினால் மூலக்கூறு சவ்வைக் கடந்துவிடும். உள்ளே எஸ்டரேஸ் நொதிகள் மூடியைக் கழற்றிவிட, மின்சுமை ஏறிய சாயம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். கழன்ற ஒவ்வொரு மூடியும் சிறிது ஃபார்மால்டிஹைடை விட்டுச்செல்கிறது என்பதால் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு ட்ரைஃபீனைல்பாஸ்போனியம். அந்த நேர்மின்சுமையை மைட்டோகாண்ட்ரியாவின் எதிர்மின்னழுத்தம் இழுத்துக்கொள்கிறது. சுமார் 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு குவிப்பு. வசதியும் கண்ணியும் அங்கேயே இருக்கின்றன. எஃப்சிசிபி என்ற சேர்மத்தைக் கொடுத்து மின்னழுத்தத்தைக் குலைத்தால் உணரி மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறத் தொடங்கும். மங்கியது பிஎச் மாறியதாலா, உணரி ஓடிப்போனதாலா? விகிதம் இல்லாமல் சொல்ல முடியாது.

லைசோசோமுக்குப் பெரும்பாலோர் மார்ஃபோலினை ஒட்டுகிறார்கள். வலுக்குறைந்த காரம் அது. மின்சுமையின்றி உள்ளே நுழையும், அமிலத்தில் புரோட்டான் ஏறி மாட்டிக்கொள்ளும். அதாவது உள்ளே போகிற ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு புரோட்டானைத் தின்கிறது. அதிகமாக ஏற்றினால், எந்த அமிலத்தை அளக்கப் போனீர்களோ அதையே கரைத்துவிடுவீர்கள். 1 மைக்ரோமோலாரில் தொடங்கி, தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

செல்லுக்கு முன் குவெட்

குவெட் என்பது ஒளி அளக்கும் கருவியில் வைக்கும் சிறு கலம். பிஎச் 3 முதல் 10 வரை, 0.3 அலகு இடைவெளியில் தாங்கல் கரைசல்கள் தயாரியுங்கள். அசிட்டிக், பாஸ்பாரிக், போரிக் அமிலங்கள் கலந்த பிரிட்டன்-ராபின்சன் கரைசல் இந்த எல்லை முழுவதையும் ஒரே சேர்மானத்தில் தரும். ஒவ்வொன்றிலும் ஒளிர்வை அளந்து வளைகோடு வரைந்து, அதன் நடுப்புள்ளியிலிருந்து பிகேஏ எடுங்கள். பிறகு அதே கரைசலை அமிலத்துக்கும் காரத்துக்கும் ஐந்தாறு முறை மாற்றி, ஒளிர்வு திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கால்சியம், துத்தநாகம், தாமிரம், இரும்பு அயனிகள், குளூட்டாதயோன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றோடும் ஒருமுறை சோதியுங்கள். தாமிரத்தைக் கண்டால் வளையத்தைத் திறந்துவிடும் ரோடமைன்கள் நிறைய உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் நான் சறுக்கினேன். என் முதல் உணரி அனிலின் பொருத்திய ஒரு போடிப்பி. தண்ணீரில் கரையவில்லை. சரி என்று பாதிக்குப் பாதி எத்தனால் கலந்து அளந்தேன். அழகான வளைகோடு, பிகேஏ 4.6, லைசோசோமுக்கே தைத்ததுபோல இருந்தது. செல்லில் இட்டதும் வட்ட வட்டமாகப் புள்ளிகள் ஒளிர்ந்தன. அன்று மாலை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் பாஃபிலோமைசின் கொடுத்தேன். லைசோசோமுக்குள் புரோட்டானை இறைக்கும் பம்பை நிறுத்தும் சேர்மம் அது. புள்ளிகள் மங்கியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் மருந்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு கொழுப்புத் துளிகளைக் காட்டும் வேறொரு சாயத்தை உடன் இட்டபோது, என் புள்ளிகள் அதன்மீது அச்சாகப் பொருந்தின. கொழுப்பை விரும்பும் போடிப்பி கொழுப்புத் துளிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. முனைவற்ற சூழலில் எலக்ட்ரான் தாவல் கடினம். ஆகவே அமிலமே இல்லாமல் விளக்கு எரிந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பிஎச்சே அல்ல.

அதிலிருந்து இரண்டு சோதனைகளை நான் விடுவதில்லை. ஒன்று, டையாக்சேன், டொலுயீன் போன்ற முனைவு குறைந்த கரைப்பான்களில் அமிலம் சேர்க்காமல் ஒளிர்வைப் பார்ப்பது. இரண்டு, ஒரு சதவீதத்துக்கு மேல் கரிமக் கரைப்பான் கலந்து எடுத்த பிகேஏ-யை நம்பாதது. எத்தனால் கலந்த கரைசலில் பிகேஏ நகரும், பிஎச் மீட்டர் காட்டும் எண்ணும் நகரும். கரையவில்லையென்றால் மூலக்கூறில் ஒரு சல்ஃபோனேட்டோ சிறு பாலிஎத்திலீன் கிளைக்கால் வாலோ சேருங்கள்.

செல்லின்மீது இடும் நாள்

வளர்ப்பூடகத்தில் ஃபீனால் சிவப்பு இருக்கக் கூடாது. அது பின்னணி ஒளியைக் கூட்டும். பைகார்பனேட் ஊடகத்தை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, நீங்கள் குவியம் சரிசெய்வதற்குள் பிஎச் ஏறிவிடும். நுண்ணோக்கி மேடையில் வாயு வசதி இல்லையென்றால் எச்இபிஇஎஸ் தாங்கல் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றுங்கள். சாயத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம், பிறகு இரண்டு முறை கழுவல்.

சாயமே இடாத செல்லை அதே அமைப்புகளில் படம் எடுங்கள். சாயம் இட்டு, லேசர் மட்டும் பாய்ச்சி, வேறு எதுவும் செய்யாத செல்லையும் எடுங்கள். வெளுப்பு எவ்வளவு என்பதை இரண்டாவது படம் சொல்லும். நச்சுத்தன்மைக்கு, உயிருள்ள செல்கள் உண்டாக்கும் நிறத்தை அளக்கும் எம்டிடி சோதனை செய்பவர்கள், உங்கள் சாயம் 570 நானோமீட்டரில் உட்கவர்கிறதா என்று முதலில் பாருங்கள். உட்கவர்ந்தால் செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும்.

நிறத்தை எண்ணாக்குவது

குவெட்டில் எடுத்த வளைகோட்டைச் செல்லுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. உள்ளே புரதங்கள் ஒட்டும், பாகுத்தன்மை வேறு, பிகேஏ 0.2, 0.3 நகர்ந்தால் வியப்பில்லை. அளவுத்திருத்தம் செல்லுக்குள்ளேயே நடக்க வேண்டும். இதற்கான நைஜெரிசின் முறை 1979-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நைஜெரிசின் சவ்வின் குறுக்கே பொட்டாசியத்தைக் கொடுத்து ஹைட்ரஜன் அயனியை வாங்கும் தரகர். வெளியே உள்ள பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இருக்கும் அளவுக்கு, அதாவது 120 முதல் 140 மில்லிமோலாருக்கு உயர்த்திவிட்டு 10 மைக்ரோமோலார் நைஜெரிசின் சேர்த்தால், உள் பிஎச் வெளி பிஎச்சுக்குச் சமமாகிவிடும். தெரிந்த பிஎச் கொண்ட ஐந்தாறு கரைசல்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் விகிதத்தைக் குறியுங்கள். லைசோசோமுக்கு, சோடியத்தை வைத்து இதே தரகு வேலை செய்யும் மோனென்சினையும் சேர்ப்பது வழக்கம். அளந்த அதே நாளில், அதே லேசர் அமைப்பில் செய்யுங்கள். போன மாதத்து வளைகோடு இன்றைக்கு உதவாது.

உணரி உண்மையிலேயே பின்தொடர்கிறதா என்பதற்கு, சைட்டோசாலில் நான் நம்பும் சோதனை அம்மோனியம் குளோரைடு. 20 மில்லிமோலார் சேர்த்ததும் அம்மோனியா உள்ளே நுழைந்து புரோட்டான்களைப் பிடிக்கும். பிஎச் சட்டென்று ஏறும். சில நிமிடம் கழித்துக் கழுவினால் அம்மோனியா புரோட்டான்களை விட்டுவிட்டு ஓடும். பிஎச் தொடக்க நிலைக்கும் கீழே விழும். பிறகு சவ்விலுள்ள சோடியம்-ஹைட்ரஜன் மாற்றி அதை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு வரும். ஏற்றம், சரிவு, மீட்பு மூன்றும் உங்கள் கோட்டில் தெரிந்தால் உணரி வேலை செய்கிறது. லைசோசோமுக்குப் பாஃபிலோமைசின் போதும். அதையும் முதல் நாளே செய்துவிடுங்கள், ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு முன்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் விகிதப் படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உட்கருவை ஒட்டிக் கூடியிருக்கும் லைசோசோம்களும் செல்லின் ஓரத்துக்கு ஒதுங்கியவையும் ஒரே நிறத்தில் இருக்காது. ஓரத்தில் இருப்பவற்றில் அமிலம் குறைவு. ஒற்றை நிறப் படத்தில் அவை எல்லாம் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும்.